எந்தக் காயலுக்கு வந்தார் மார்க்கோ போலோ?

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பொழிச்சலூரில் நான் வழக்கமாகத் தொழும் பள்ளியின் தாழ்வாரத்தில் சற்று அமர்ந்திருந்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்து உட்கார்ந்தார். அவருடைய குடும்பம் காயல்பட்டினத்திலிருந்து வந்து பல ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் குடியேறியது. வீட்டு ஆண்கள் கொழும்புக்கும் ஹாங்காங்குக்குமாகப் போய்வருபவர்கள். விமான நிலையம் அருகில் இருப்பது வசதி என்று இங்கே வீடு பார்த்தார்களாம்.

"ஹஜ்ரத், ஒரு சந்தேகம்" என்று தொடங்கினார். "மார்க்கோ போலோ வந்து இறங்கிய காயல் எங்கள் ஊர் என்றுதான் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தேன். என்னோடு படிக்கும் நண்பன், அது உங்கள் ஊர் அன்று, பழைய காயல் என்று புத்தகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டான். வீட்டில் இதைச் சொன்னேன். பாட்டியாருக்கு மனமே சரியில்லை. எது உண்மை?"

பேரனின் கேள்வியைக் காட்டிலும் பாட்டியாரின் வருத்தம் என் மனத்தைத் தொட்டது. ஓர் ஊரின் பெருமை பறிபோனால் உடன்பிறந்தவரின் நகையைத் திருடன் கொண்டுபோனது போல வருந்துகின்றவர்கள் இன்னும் இருக்கின்றார்களே! அவருக்குச் சொல்லிய விடையையே விரித்து இங்கு எழுதுகிறேன்.

விடை புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. எங்கள் ஊர் ஆற்றிலிருந்து தொடங்கியது. பொழிச்சலூரை ஒட்டி அடையாறு ஓடுகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அந்த ஆறு கரையை மீறி வீடுகளுக்குள் புகுந்ததையும், விமான நிலையத்தின் ஓடுபாதையே நீரில் மூழ்கிச் சில நாள்கள் மூடப்பட்டதையும் இங்குள்ளவர் எவரும் மறக்கவில்லை. ஆனால் வெள்ளம் இல்லாத காலத்தில் பட்டினப்பாக்கம் சென்று அதே ஆற்றின் கழிமுகத்தைப் பாருங்கள். கடல் அலை ஓயாமல் மணலைக் கொண்டுவந்து வாயிலில் குவிக்கும். நீர் குறைந்த ஆற்றுக்கு அதைத் தள்ளும் வலிமை இராது. மணல் திட்டு வளர்ந்து வாயை அடைத்துவிடும். எந்திரம் கொண்டு வெட்டித் திறக்க வேண்டியிருக்கும். கடலும் ஆறும் நடத்தும் இந்த இழுபறியைப் புரிந்துகொண்டால் காயலின் வரலாறு பாதி புரிந்துவிட்டது எனலாம்.

இனி, நாம் போக வேண்டிய ஆறு தெற்கே இருக்கிறது. எங்கள் ஊரிலே அகத்தீசுவரர் கோயில் என்று பெயர்பெற்ற சிவாலயம் ஒன்று உண்டு. அந்த அகத்தியர் பெயரோடு சேர்த்தே தமிழ் மக்கள் நினைக்கும் பொதிகை மலையில் பிறப்பதுதான் தாமிரபரணி, பழந்தமிழில் பொருநை. ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, மன்னார் வளைகுடாவில் புன்னைக்காயல் என்னும் ஊரருகே கடலில் கலக்கிறது. நீளத்தில் சிறிய ஆறுதான். ஆயினும் இரு பருவமழையாலும் நீர் பெறுவது. வற்றாதது என்று பெயர் வாங்கியது.

பண்டைக் காலத்துக் கப்பல்காரனுக்கு இப்படிப்பட்ட ஆற்றுமுகம் வேண்டியிருந்தது. பெரிய மரக்கலம் ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் சரக்கை இறக்கிக்கொண்டு ஆற்றுக்குள் நுழையும். அங்கே அலை இல்லை, புயலுக்கும் ஒதுக்கம் உண்டு. மாதக்கணக்கில் உப்பு நீரின்மேல் வந்தவனுக்குக் குடிக்க நன்னீர் கிடைக்கும். உள்நாட்டுக்குப் போகும் வழியும் ஆற்றங்கரையோடுதான் சென்றது. கழிமுகத்தில் தேங்கிக் கிடக்கும் அகன்ற நீர்ப்பரப்பைத் தமிழில் காயல் என்பர். ஊருக்குப் பெயர் அதனால் வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. எகிப்தின் காஹிரா நகரிலிருந்து வந்து குடியேறியோர் இட்ட பெயரே 'காஹிர்' ஆகிப் பின் காயல் ஆயிற்று என்பது காயல்பட்டினத்து மரபுச் செய்தி. தமிழ்ப் பெயரும் அரபுப் பெயரும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதே ஒரு துறைமுகத்தின் அடையாளம் என்பேன்.

இந்த ஆற்றின் முதல் துறைமுகம் காயல் அன்று, கொற்கை. பாண்டியரின் முத்துத் துறையாகச் சங்கப் புலவர்கள் பாடிய ஊர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளித்தனர் என்று அவர் கூறுகிறார். இன்று கொற்கைக்குச் சென்றால் வயலும் வாழையும் குளமும்தான் காட்சி தரும். கடலோ ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. கடல் எங்கும் ஓடிப்போகவில்லை. வெள்ளந்தோறும் ஆறு சுமந்து வந்த வண்டல் படிந்து படிந்து நிலம் வளர்ந்தது. துறைமுகம் உள்நாட்டு ஊராகிவிட்டது. கப்பல்காரர்கள் ஆற்றின் புதிய வாயைத் தேடி இறங்கிவந்தனர். அங்கே எழுந்ததே காயல்.

வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கடல் வழியே திரும்பும்போது, 1292-93 ஆண்டளவில் இக்கரையைக் கண்டார். 'காயில்' என்று அவர் குறிக்கும் நகரம் பெரியது, சிறந்தது. பாண்டிய சகோதரர் ஐவருள் மூத்தவருடைய ஆட்சியில் இருந்தது. ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாடுகள் அனைத்திலிருந்தும் குதிரைகளையும் பிற பொருள்களையும் ஏற்றிவந்த கப்பல்கள் இங்கே தங்கின. வெளிநாட்டு வணிகருக்கு மன்னர் நீதி வழங்கினார்; அதனால் அவர்கள் விரும்பி வந்தனர். மக்கள் எந்நேரமும் வெற்றிலை மெல்வதும் அவருக்கு வியப்பாயிற்று. அதையும் மறவாமல் எழுதிவைத்தார். வெற்றிலையைப் பற்றிப் பின்னர் ஒரு சொல் சொல்ல வேண்டும், நினைவில் கொள்க.

குதிரை வணிகத்தின் அளவைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் நூலிலிருந்து அறிகிறோம். கீஷ் தீவின் பெருவணிகர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபி, ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை இக்கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கத்தீஃப், அல்அஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் ஆகிய துறைகளிலிருந்தும் குதிரைகள் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். கடலில் குதிரை இறந்துவிட்டாலும் பாண்டியரின் கருவூலம் அதன் விலையைக் கொடுத்தது என்கிறார். தம் நாட்டில் பிறவாத குதிரைக்காகப் பாண்டியர் இவ்வளவு பொன்னைக் கொட்டியதற்குப் போரே காரணம். வந்த குதிரைகளைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியாது, ஆண்டு முடிவில் நூறும் மிஞ்சுவதில்லை என்று போலோ குறை கூறுகிறார். அவருடைய எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இங்கேயே தங்கினார். காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பு அவரிடம் இருந்தது. பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். கண்ணியமிக்க வாசகர்களே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். சைவம் தழைத்த மதுரையின் அரசவையில், அரபுக் கடலிலிருந்து வந்த முஸ்லிம் ஒருவர், படையின் துணையோடன்று, கணக்கு வழக்கில் பெற்ற நம்பிக்கையால் அமைச்சராக வீற்றிருந்தார். மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்தது 1311இல். அதற்கு முன்னரே தகியுத்தீன் வாழ்ந்து மறைந்துவிட்டார். தமிழகத்து முஸ்லிம்களின் வரலாற்றை அந்தப் படையெடுப்பிலிருந்து தொடங்குகின்றவர்கள், துறைமுகத்தில் நடந்த வாழ்க்கையை ஒரு தரமேனும் பார்க்கவில்லை.

ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மதின் கதை இன்னும் உருக்கமானது. பாரசீக மன்னர் கஸான் மஹ்மூதின் தூதராகச் சீனப் பேரரசரிடம் சென்று, ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிவரும்போது, இக்கரையை அடைய இரண்டு நாள் பயணமே இருக்கையில் அவர் காலமானார். ஹிஜ்ரி 704இன் இறுதி. கிறித்தவ ஆண்டு 1305. சிறிய தந்தையின் அடக்கத்தலத்திற்கு அருகில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார் என்கிறார் வஸ்ஸாஃப். பஸராவுக்கும் பீக்கிங்குக்கும் நடுவே இருந்த உலகத்தில், நம் கரை ஒருவருக்குச் 'சொந்தபந்தம் அடங்கிய மண்' ஆகிவிட்டிருந்தது.

வந்தவர்கள் வணிகத்தோடு நின்றிருந்தால் குதிரையோடு அவர்கள் வரலாறும் முடிந்திருக்கும். பருவக்காற்றை நம்பி ஓடிய கப்பல் காற்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். மாதங்கள் கழியும். இங்கேயே மணம் செய்து குடும்பமானார்கள். சோனகர் என்றும் மரக்காயர் என்றும் தமிழ் அவர்களுக்குப் பெயரிட்டது. தொழுகைக்குப் பள்ளி எழுந்தது. உதயமார்த்தாண்டன் என்னும் மன்னர் இப்பகுதிப் பள்ளியொன்றுக்கு 'உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி' என்றும், அதன் காழியாருக்கு 'உதயமார்த்தாண்டக் காழியார்' என்றும் தம் பெயரையே சூட்டிய செய்தி கல்வெட்டில் பதிவாகியுள்ளது. பள்ளிவாசலுக்கு இந்து மன்னரின் பெயர்! இக்காலத்தில் ஒரு தெருவுக்குப் பெயர் வைப்பதற்குள் எத்தனை சச்சரவு!

காயல்பட்டினத்துப் பழம்பள்ளிகளுக்குள் நுழைகின்றவர் முதலில் வியப்பது அவற்றின் கல் தூண்களைத்தான். பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபத்தின் அதே கட்டுமானம். அதே கல்தச்சர் கைவேலை. உருவச் சிற்பம் மட்டும் இராது. அந்த இடத்தைப் பூவும் கொடியும் பிடித்திருக்கும். குமிழ்மாடமும் உயர்ந்த மினாராவும் இருந்தால்தான் பள்ளி என்று எண்ணி, பழைய கற்பள்ளிகளை இடித்துவிட்டுச் சிமெண்டில் கட்டிய ஊர்கள் சில நாட்டில் உண்டு. அந்தக் கற்கள் எங்கே போயினவோ, அல்லாஹ்வே அறிவான்.

இப்போது பேரனின் கேள்விக்கு வருவோம். காயல் என்னும் பெயர் கொண்ட ஊர்கள் மூன்று. பழைய காயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். ஆற்றின் வடபால் கொற்கைக்குக் கீழே இருப்பது பழைய காயல். கழிமுகத்தில் இருப்பது புன்னைக்காயல். அதற்குத் தெற்கே கடற்கரையில் அமைந்தது காயல்பட்டினம். திருநெல்வேலியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 1870களில் கொற்கையிலும் பழைய காயலிலும் அகழ்ந்து பார்த்தார். உடைந்த ஓடுகளும், சீனத்துப் பீங்கான் சில்லுகளும், அரபு நாட்டு மண்கலத் துண்டுகளும் நெடுந்தூரம் சிதறிக் கிடக்கக் கண்டார். மார்க்கோ போலோவின் துறைமுகம் இதுவே என்று 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் எழுதினார். நண்பர் காட்டிய புத்தகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. காயல்பட்டினத்தாரோ தம் ஊரின் பழம்பள்ளிகளையும் அடக்கத்தலங்களையும் கல்வெட்டுகளையும் காட்டி, இவ்வளவு சான்றுகள் வேறு எந்தக் காயலில் உள என்று கேட்கின்றனர். அதுவும் புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று.

என் கருத்தைச் சொல்கிறேன். கப்பல் நின்ற துறை பழைய காயல் என்பதற்குக் கால்டுவெல் கண்ட சில்லுகள் வலுவான சான்று. ஆனால் ஆற்றுத் துறைமுகம் என்பது ஒரே இடத்தில் வேரூன்றிய மரம் அன்று. கொற்கை தூர்ந்தபோது காயல் எழுந்தது. காயல் தூர்ந்தபோது மக்கள் கடலோரத்துக்கு நகர்ந்தார்கள். பெயரையும், தொழிலையும், காழியாரையும், அடக்கம் செய்த பெரியோரின் நினைவையும் உடன் எடுத்துச் சென்றார்கள். நிலத்தைக் கேட்டால் பழைய காயல் என்று சொல்லும். அந்தத் துறைமுகத்து மக்களின் வழி எங்கே என்று கேட்டால் காயல்பட்டினத்தைத்தான் காட்ட வேண்டும். பாட்டியார் வருந்த வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

துறைமுகம் ஒரே நாளில் அழியவில்லை. 15ஆம் நூற்றாண்டிலும் அதன் பெயர் கடலெங்கும் தெரிந்திருந்தது. மிங் பேரரசின் பெருங்கடற்படையை நடத்திய செங் ஹோ ஒரு முஸ்லிம். அக்கடற்படை சென்ற நாடுகளின் பட்டியலில் காயலும் உண்டு. 1442இல் பாரசீகத் தூதர் அப்துர் ரஸ்ஸாக் கள்ளிக்கோட்டைக்கு வந்தபோதும் காயலைப் பற்றிக் குறிப்பிட்டார்.

1516ஆம் ஆண்டளவில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா, காயலில் வாழ்ந்த ஒரு செல்வந்த முஸ்லிமைப் பற்றிக் கூறுகிறார். முத்துத் தீர்வையை நெடுங்காலம் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். நாட்டு மக்கள் மன்னருக்குக் காட்டும் மரியாதையை அவருக்கும் காட்டினர். முஸ்லிம்களின் வழக்குகளை அவரே தீர்த்துவைத்தார், மன்னர் தலையிடுவதில்லை.

இந்தச் செய்தியைப் படித்துப் பெருமை கொள்வது எளிது. ஆனால் முத்தை யார் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கிச் சிப்பியை வாரிவந்தவர்களில் பெரும்பாலோர் பரதவர். சுறாவை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி'யை நம்பி உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். சலாபம் நடக்கும் சில வாரங்களில் ஆண்டு முழுதுக்கும் சம்பாதிக்க வேண்டியவர்கள். குத்தகைதாரரும் கடன் கொடுத்தவரும் வேறொருவர். இத்தகைய இடத்தில் நீதி ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பகை மூளும், மூண்டது. 1530களில் தூத்துக்குடியில் ஒரு முஸ்லிம், பரதவர் ஒருவரின் காதணியைப் பிடித்து இழுத்துக் காதைக் கிழித்துவிட்டார் என்பதிலிருந்து கலகம் தொடங்கியதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. காதணி வெறும் சாக்காகவும் இருக்கலாம். பரதவர் தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை வேண்டியது. 1536-37இல் ஆயிரமாயிரமாக அவர்கள் கத்தோலிக்க மதத்தைத் தழுவினர். 1538இல் வேதாளையில் நடந்த சண்டையில் மரக்காயர்களின் கடற்படை தோற்றது. முத்துத் துறையின் ஆதிக்கம் கை மாறிற்று.

நம் முன்னோரின் புகழை எழுதும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவது சில எழுத்தாளர்களுக்கு வழக்கம். நான் அதைச் செய்யமாட்டேன். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்தவர்களைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. மத்யன் நகரத்து வணிகரின் முடிவையும் அது நமக்குச் சொல்கிறது. போர்த்துக்கீசியரின் பீரங்கி இல்லாவிட்டால் நாம் வீழ்ந்திருக்கமாட்டோம் என்போர் உண்டு. பீரங்கி வெளியிலிருந்து வந்தது உண்மை. கதவைத் திறந்துவிட்ட கசப்பு உள்ளே விளைந்தது என்பதும் உண்மை. தகியுத்தீன் காலத்தில் நம்பிக்கையால் வந்த இடம், 200 ஆண்டுகளுக்குப் பிறகு நம்பிக்கை கெட்டதால் போயிற்று.

வண்டலும் தன் வேலையை நிறுத்தவில்லை. பெரிய கப்பல்கள் ஆற்று முகத்தைக் கைவிட்டன. ஆறில்லாத, ஆனால் தீவுகள் அரண் செய்யும் தூத்துக்குடி தலையெடுத்தது. 1658இல் அதை ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை அங்கே சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். 1974இல் பெருந்துறைமுகமான அதற்கு 2011இல் வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது.

துறை போன பின் காயல்பட்டினத்தார் என்ன செய்தனர்? இதுவே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கப்பல் போயிற்று, கல்வியை வைத்துக்கொண்டனர். ஸுலைமான் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்களின் மக்கள் ஐவரும் மார்க்கப் பெரியோராயினர். அவர்களுள் ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1703இல் மறைந்தார்கள். அரபி மொழியில் அவர்கள் இயற்றிய புகழ்ப்பாக்கள் இன்றும் மஜ்லிஸ்களில் ஓதப்படுகின்றன. அக்காலத்தில் வாழ்ந்த உமறுப் புலவரை வள்ளல் சீதக்காதியும், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயரும் ஆதரித்தனர் என்பது சீறாப்புராண வரலாறு. பரங்கிப்பேட்டையும் வெள்ளாற்று முகத்தில் எழுந்த துறைமுகமே. நம் இலக்கியத்தின் பெரும்பகுதி கழிமுகங்களில் வளர்ந்தது என்றால் மிகையாகாது. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்திலே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பாடி, அந்நூலுக்குத் திருப்புகழ் என்றே பெயரும் இட்டார்.

தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழும் இக்கரைகளில்தான் செழித்தது. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளிகளும் கோடுகளும் சேர்த்து அமைத்த முறை அது. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்மணிக்கு அந்த எழுத்திலேயே தமிழும் படிக்க வந்துவிடும். காயல்பட்டினத்தில் பிறந்த இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்கள் (மறைவு 1898) எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் வழியாகத் தொழுகை, நோன்பின் சட்டங்களைக் கற்ற வீடுகள் எண்ணற்றவை. என் பாட்டியார் தமிழ்ச் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிப்பார்; அரபுத்தமிழ் மாலைகளை மட்டும் தடையின்றி வாசிப்பார். அவரை எழுத்தறியாதவர் என்று குடிக்கணக்கு எடுத்தவர் எழுதிக்கொண்டு போனாராம்.

மாணவப் பருவத்தில் ஒரு ரஜப் மாதம் காயல்பட்டினம் சென்றிருந்தேன். ஸஹீஹுல் புகாரியை முப்பது நாளும் ஓதி முடிக்கும் மஜ்லிஸ் ஆண்டுதோறும் அங்கே அம்மாதத்தில் நடைபெறும். ஒரே ஸஹனில் கூட்டாக உண்ட களறிச் சோற்றின் மணம் இப்போதும் நினைவில் இருக்கிறது. அகன்ற தெருக்களுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடமாடுவதற்கென்று விட்ட ஒடுங்கிய முடுக்குகள். பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் தனித் தைக்காக்கள். மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வது அவ்வூர் வழக்கம். கணவன் கடல் கடந்து போனாலும் பெண் தன் தாயோடு, தன் கூரையின் கீழ் இருப்பாள். கப்பற்காரச் சமூகத்துக்குப் பொருந்திய ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. மகளுக்கு வீடு கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தால் வாப்பாமார் படும் பாடு வேறு. அதை மார்க்கம் விதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு தன் பழைய உறவை மறப்பதில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழைக்கும் மேலானது அது. தாமிரபரணி கரை புரண்டது. ஏரல், ஆத்தூர் முதலிய ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். பக்கத்துக் கிராமத்தார் கோயிலில் இருந்த அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சோறு சமைத்தனர். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் திறந்து வைக்கப்பட்டு, வெள்ளத்தில் வீடிழந்த இந்துக் குடும்பங்கள் அதில் தங்கின. அடையாற்று வெள்ளத்தைக் கண்ட பொழிச்சலூர்வாசிகளான நாங்கள், அந்தச் செய்திகளை மற்றவர்களைப் போல் படிக்கவில்லை. அம்மாணவரின் வீட்டார் இரண்டு நாள்கள் ஊரோடு தொலைபேசித் தொடர்பு கிடைக்காமல் தவித்ததைப் பின்னர் கேட்டறிந்தேன்.

அவர் விடுமுறையில் ஊருக்குப் போகிறார். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறிப் பகலிலே செல்லுமாறு கூறினேன். உப்பளங்களைக் கடந்தால் பழைய காயல் வரும். இன்று அங்கே அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலை இருக்கிறது. கப்பல் நின்ற இடம் என்று எவரும் பலகை வைத்திருக்கமாட்டார்கள், தாமே இறங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து முக்காணி, பிறகு தாமிரபரணிப் பாலம். பாலத்தைத் தாண்டியதும் ஆத்தூர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மார்க்கோ போலோ கண்டு வியந்த மக்கள் மென்ற வெற்றிலை எந்தக் கொடிக்காலில் விளைந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆற்றங்கரைக் கொடிக்கால்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு போனவர் மறுவாரம் ஜும்ஆவுக்குப் பின் மறுபடி வந்தார். பாட்டியார் தெளிந்துவிட்டாராம். பழைய காயலையும் பார்த்துவர அனுமதி கொடுத்தாராம். திரும்பும்போது ஆத்தூரில் இறங்கி, நல்ல இளந்தளிராகப் பார்த்து ஒரு கவுளி வெற்றிலை வாங்கிவரச் சொன்னாராம்.